லேசான துப்பாக்கி

இல்ல தம்பி, தப்பு. துப்பாக்கி லேசா இருந்தா உதை கம்மின்னு எவன் சொன்னான் உங்களுக்கு? இன்டர்நெட்லயா? மொதல்ல அந்தப் போனைக் கவுத்து வைங்க. எடை குறையக் குறைய உதை ஏறும், இறங்காது. தோட்டா அதேதான், மருந்தும் அதேதான். பின்னால வர்ற வேகத்தை வாங்கிக்க அங்க இரும்பு இல்லன்னா உங்க தோள்தான் வாங்கிக்கணும். காலித் தள்ளுவண்டியை ஒரு எத்து எத்துங்க, எங்க போய் முட்டுது பாருங்க. அதுலயே ரெண்டு மூட்டை மாவை ஏத்திட்டு எத்துங்க. அவ்வளவுதான் சங்கதி. இதுக்கு மிலானோ போய்ப் பொறியியல் படிச்சீங்களாக்கும்.

காப்பியைக் குடிங்க, ஆறுது. கோச்சுக்காதீங்க, நான் இப்படித்தான் பேசுவேன். கன்னியாஸ்திரீங்க பள்ளிக்கூடத்துல பன்னெண்டு வருஷம் வாயை மூடிட்டு உக்காந்தேன், அந்தப் பாக்கியெல்லாம் இப்பத் தீர்த்துக்கறேன். கல்யாணம் முடியட்டும், அப்புறம் மாப்பிள்ளைன்னு மரியாதையாக் கூப்பிடறேன். அதுவரைக்கும் நீங்க எத்தோரே தம்பிதான்.

சரி, நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா பாருங்க. என் பொண்ணு மிலேனா தையல்காரி வீட்டுக்கு உடுப்பு அளவு பாக்கப் போன நேரமாப் பாத்து, அவளுக்குத் தெரியாம இந்த மலை மேல ஏறி வந்திருக்கீங்க. அவளோட பழைய துப்பாக்கி அந்த ரூம்ல இரும்பு அலமாரில பூட்டிக் கிடக்கு. அதைக் கேட்டு வந்திருக்கீங்க. தோள் வலிக்குதுன்னு அவ சுடறதையே விட்டுட்டா, அதனால கீழ பட்டறைல குடுத்து, கட்டையைச் செதுக்கி, எடையைக் குறைச்சு, வெள்ளில பூ வேலை பண்ணி, கல்யாணத்தன்னைக்கு அவ கையில குடுத்து அழ வைக்கணும். அதானே? நல்ல மனசுதான். யோசனைதான் மகா மட்டம்.

குடுப்பேனா மாட்டேனான்னு அப்புறம் சொல்றேன். அவசரப்படாதீங்க.

என்ன, இப்படித் துள்ளி விழறீங்க? அது கீழ பட்டறைல சுடற சத்தம். புதுக் குழலை அப்படித்தான் சோதிப்பாங்க. வழக்கத்தை விட அழுத்தமா மருந்து ஏத்தி சுட்டுப் பாத்து, தாங்கினாத்தான் முத்திரை குத்துவாங்க. இந்தப் பள்ளத்தாக்குல பொறக்கற குழந்தை அந்தச் சத்தத்துக்கு அழாது. நீங்க சமவெளி ஆளு, போகப் போகப் பழகிடும். எனக்கும் பழகித்தான் இருந்துச்சு, ஒரு காலத்துல. இப்ப ஒவ்வொண்ணா எண்ணிட்டு உக்காந்திருக்கேன்.

அதை விடுங்க. லேசான துப்பாக்கி என்ன பண்ணும்னு ஒரு கதை சொல்றேன் கேளுங்க. என் நாத்தனார் பியெரா இருக்காளே, அவ புருஷன் துல்லியோ, உங்களை மாதிரியே அன்பு ஜாஸ்தியான மனுஷன். பொம்பளைக்கு லேசா இருக்கட்டும்னு அலுமினிய உடம்பு வச்ச பன்னெண்டு நம்பர் ஒண்ணு வாங்கிக் குடுத்தான். தூக்கினா விளக்குமாறு மாதிரி இருக்கும். அவளுக்கு ஒரே பெருமை, ஊரெல்லாம் தூக்கிக் காட்டினா. ஞாயித்துக்கிழமை கீழ மைதானத்துல, மேல வீசி விடற களிமண் தட்டு சுடப் போனாங்க. ஒண்ணா ரெண்டா, சாயங்காலம் வரைக்கும் சுட்டுக்கிட்டே இருந்திருக்கா. மறுவாரம் பூசைக்கு வந்தா பாருங்க, வலது கன்னம் கத்திரிக்காய் நிறத்துல. பங்குச்சாமியார் பாத்துட்டாரு. பூசை முடிஞ்சதும் துல்லியோவை ஓரமாக் கூப்பிட்டு, பொண்டாட்டி மேல கை வைக்கறவன் நற்கருணை வாங்க வராதேன்னுட்டாரு. இவன் அழாத குறையா, சாமி அது துப்பாக்கி அடிச்சது சாமிங்கறான். எல்லாப் புருஷனும் அப்படித்தாண்டா ஏதாவது சொல்லுவான்னு அவரு. பியெரா பக்கத்துல நின்னுக்கிட்டு வாயைத் திறக்கலையே! அவ இன்னைக்கும் சொல்லுவா, கல்யாணம் ஆனதுலேருந்து அவ்வளவு சந்தோஷமா இருந்த நாள் வேற இல்லன்னு.

சிரிங்க, சிரிங்க. மிலேனா சொல்லுவா, எத்தோரே சிரிக்க மாட்டாரும்மா, யோசிப்பாருன்னு.

பன்னெண்டு, இருபதுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? இருபது பெருசா? போச்சு! தலைகீழ் கணக்கு தம்பி. ஒரே அளவு மாவை எடுத்து பன்னெண்டு உருண்டை பிடிங்க, இன்னொரு தடவை அதே மாவுல இருபது உருண்டை பிடிங்க. எந்த உருண்டை பெருசு? அந்தக் காலத்துல ஈயத்தை அப்படித்தான் உருட்டி அளந்தாங்க. நம்பர் ஏற ஏற குழல் வாய் சின்னதாகும். பன்னெண்டு தடிமனான வாய். இருபது ஒல்லி வாய். தோட்டாவும் அதுக்குத் தக்கபடி.

மிலேனாவோடது இருபது. அவங்கப்பா பத்தீஸ்தா தேர்ந்து எடுத்தது. அவரு பட்டறைல துப்பாக்கிக்குக் கட்டை பொருத்தறவரு, தெரியுமில்ல? ஆளு தோள் அகலம், கழுத்து நீளம், கன்ன எலும்பு எல்லாம் கண்ணாலேயே அளந்து வால்நட் மரத்தைச் செதுக்குவாரு. பொண்ணுக்குன்னு வரும்போது கடையில லேசா பளபளன்னு இருந்ததையெல்லாம் ஒதுக்கிட்டாரு. கொஞ்சம் கனமான இருபதை எடுத்து, அதுல ரவை கம்மியான தோட்டாவைப் போட்டாரு. துப்பாக்கி கனம், தோட்டா லேசு. அதுதான் சூட்சுமம். அதைச் சுட்டா உதைன்னே தெரியாது தம்பி. யாரோ தோள்ல கை வச்சு, ஏம்மா நல்லா இருக்கியான்னு விசாரிக்கற மாதிரி இருக்கும். நானே சுட்டிருக்கேன், அதான் சொல்றேன்.

ஆமா. அப்போ தோள் எப்படி வலிக்கும்? அதைத்தானே நானும் சொல்றேன். வலிக்காது. அவ பொய் சொல்றா.

ஏன்னா? கேக்காதீங்கன்னா விடவா போறீங்க.

இருங்க, அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கறேன். நீங்களும் இப்ப மைதானத்துக்குப் போறதா மிலேனா சொன்னா. நீங்க எதுல சுடறீங்க? உங்க மாமா குடுத்ததா? அது என்ன நம்பர்?

பன்னெண்டா.

அப்போ கல்யாணத்துக்கு அப்புறம் ஒரே வீட்டுல, ஒரே அலமாரில, பன்னெண்டும் இருபதும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். அப்படித்தானே?

தர மாட்டேன். வெள்ளியில செஞ்சாலும் சரி, தங்கத்துல செஞ்சாலும் சரி. கல்யாணத்துக்கு வேற ஏதாவது வாங்கிக் குடுங்க. துணி துவைக்கற மிஷின் வாங்கிக் குடுங்க, உபயோகமா இருக்கும்.

முகத்தை அப்படி வச்சுக்காதீங்க. நீங்க கெட்டவர்னு நான் சொல்லல. என் மக சிரிச்சே பல வருஷம் ஆகுது, உங்களைப் பாத்ததுக்கு அப்புறம்தான் வீட்டுல பாடறா. அந்த நன்றிக்காகத்தான் உக்கார வச்சுப் பேசிட்டிருக்கேன். இல்லன்னா வாசல்லயே அனுப்பியிருப்பேன்.

சொல்றேன். ஆனா இது இந்த மேசையை விட்டு வெளில போகக் கூடாது. அவகிட்ட மூச்சு விடக் கூடாது. சத்தியமா? சரி.

பத்தீஸ்தா மலையேறி காட்டு உள்ளான் சுடப் போறவரு. அந்தப் பறவை பின்னால நாள் பூரா ஏறி இறங்கணும், சுடறதென்னவோ ஒரு தடவை, மிஞ்சிப் போனா ரெண்டு தடவை. அதுக்கு லேசான பன்னெண்டுதான் சரின்னு வச்சிருந்தாரு. உதைக்குமேன்னா, நாள் முழுக்க தூக்கறது நான், உதை வாங்கறது ஒரு நொடி, உனக்கு என்னடீம்பாரு. தட்டு சுடற மிலேனாவுக்குக் கனமான இருபது, மலை ஏறற அவருக்கு லேசான பன்னெண்டு. ரெண்டுமே சரியான முடிவு. அவங்கவங்க வேலைக்கு ஏத்தது. இன்னைக்கும் யோசிச்சுப் பாக்கறேன், அதுல ஒரு தப்பும் எனக்குத் தெரியல.

அவருகிட்ட ஒரு கோட்டு இருந்துச்சு. பச்சைத் துணி, பை ரெண்டும் தொங்கிப் போய் கிடக்கும். வலது பைல தோட்டா, இடது பைல சுட்ட காலிக்கூடு. காட்டுல ஒரு கூட்டைப் போட்டுட்டு வர மாட்டாரு, அது அவருக்குப் பாவம் மாதிரி. எங்க ஆளுங்க எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு தம்பி. கண்ணு நாய் மேல இருக்கும். நாய் மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குதா, வாலை ஆட்டுதான்னு. கை மட்டும் பைக்குள்ள போகும், எடுக்கும், குழல்ல போடும், மூடும். பாக்கறதே இல்ல. பாத்தா புதுசுன்னு அர்த்தம். பாக்காமப் போடறதுதான் இவங்களுக்குக் கெத்து.

ஆமா, அதேதான். புரிஞ்சுக்கிட்டீங்களே. படிச்சவருதான்.

இருபது நம்பர் தோட்டா மஞ்சளா இருக்கும், பாத்திருக்கீங்களா? அழகுக்காக இல்ல. அந்த ஒல்லித் தோட்டாவைப் பன்னெண்டு குழல்ல போட்டா அது நிக்காது. வழுக்கிட்டு உள்ள போயி, கொஞ்ச தூரத்துல குழல் ஒடுங்கற இடத்துல சிக்கிக்கும். மேலேருந்து பாத்தா காலியாத் தெரியும். அதுக்குப் பின்னால இன்னொரு தோட்டா, சரியான பன்னெண்டு, கச்சிதமா உக்காரும். மூடலாம். விசையும் இழுக்கலாம். அதுக்கப்புறம் குழல் என்ன முத்திரை வாங்கியிருந்தா என்ன, வெடிச்சுச் சிதறும்.

அன்னைக்கு நான் இதே அடுப்புல சோளமாவு கிண்டிட்டிருந்தேன். மேல தோப்புப் பக்கம் ஒரு சத்தம். பன்னெண்டு சுட்டா எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியும், மலை அதை வாங்கி ஒரு தடவை திருப்பிக் குடுக்கும். இது அப்படி இல்ல. கிழிஞ்ச சத்தம். மலை திருப்பிக் குடுக்கல. கரண்டியை வச்சுட்டுக் கதவைத் திறந்து நின்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் நாய் மட்டும் வந்துச்சு.

ஊர்ல என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியும். மிலேனாவும் அதையேதான் சொல்லியிருப்பா. அப்பா சறுக்கி விழுந்தாரு, குழல் வாய்ல பனி அடைச்சிடுச்சு, தெரியாம சுட்டாரு. அப்படியும் நடக்கும், வருஷத்துக்கு ஒருத்தராவது அப்படிப் போறாங்க. போலீஸ்காரரும் அதையே எழுதிட்டுப் போனாரு. அவரைக் குத்தம் சொல்லலை, அங்க பாக்கறதுக்கு மிச்சம் இருந்தாத்தானே.

ஆனா கூடப் போன விஜீலியோ என்கிட்ட மட்டும் ஒண்ணு சொன்னாரு. அடக்கம் முடிஞ்சு, எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பினதுக்கு அப்புறம், இந்தக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னு சொன்னாரு. ஒரு பறவை எழும்பிச்சாம். பத்தீஸ்தா விசையை இழுத்தாரு. டிக்குன்னுச்சு, அவ்வளவுதான். திறந்து பாத்தாரு, காலி. சிரிச்சிருக்காரு. அடேய் விஜீலியோ, எனக்கு வயசாயிடுச்சுடா, தோட்டா போடவே மறந்துட்டேன்னு சொல்லிட்டு, ஒண்ணை எடுத்துப் போட்டு மூடினாரு. அப்போ நாய் இன்னொண்ணைக் கிளப்பிச்சு.

மறந்துட்டேன்னு. அதான் அவரு கடைசியாப் பேசினது. விஜீலியோவுக்கு அதுல ஒண்ணும் தோணல. கடைசி நிமிஷத்துலயும் தமாஷ் பண்ணிட்டுத்தான் போனான், இர்மா, எனக்கு அதுதான் ஆறுதல்னு சொல்லி அழுதாரு. நான் தலையாட்டினேன். எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும் தம்பி. கோட்டை என்கிட்டத்தான் குடுத்திருந்தாங்க. வலது பைக்குள்ள கை விட்டேன். எல்லாம் சிவப்புத் தோட்டா, அவரோட பன்னெண்டு. நடுவுல ரெண்டு மஞ்சள்.

அவருக்கு மஞ்சள் தோட்டா எதுக்கு? அவரு தன் பையில மஞ்சளைப் போடற ஆளே இல்ல. வீட்டுலயே ரெண்டையும் தனித்தனி அலமாரில வைப்பாரு. மிலேனா கோட்டு வேற, இவரு கோட்டு வேற. கண்டிப்பு.

அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை மைதானத்துல மழை. மிலேனா கோட்டு தொப்பலா நனைஞ்சு போச்சு. குளிருதுன்னு நடுங்கிட்டு நின்னா. அவரு தன்னோடதைக் கழட்டி அவ தோள்ல போட்டு விட்டாரு. அதைப் போட்டுக்கிட்டே மிச்சத் தட்டெல்லாம் சுட்டா. அன்னைக்கு அவதான் முதல். கோப்பையோட வீட்டுக்கு வந்து, கோட்டை அந்த ஆணியில மாட்டிட்டு, அம்மா பசிக்குதுன்னா. அவ்வளவுதான் அவ பண்ணின குத்தம். பத்தொம்பது வயசுக் கழுதை, ஜெயிச்ச சந்தோஷத்துல பையைப் பாக்க மறந்துச்சு.

அந்த ரெண்டையும் நான் ஆத்துல எறிஞ்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லல. விஜீலியோவும் போயிட்டாரு. இப்ப உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

அதனாலதான் தர மாட்டேன்னேன். அவ கையில அந்த இருபது வரும். பக்கத்துல நீங்க உங்க பன்னெண்டைத் தூக்கிட்டு நிப்பீங்க. மைதானத்துல எவனாவது ஒரு வாத்தியாரு, ஏம்மா ரெண்டையும் ஒரே பைல போட்டுடாதீங்க, என்ன ஆகும் தெரியுமான்னு ஆரம்பிப்பான். அவ மண்டைக்குள்ள அந்த மழை நாள் வரும். அந்தக் கோட்டு வரும். பனின்னு நெனச்சுட்டிருக்கா, அப்படியே நெனச்சுட்டிருக்கட்டும். அப்பா போன துக்கத்துலதான் துப்பாக்கியைத் தொட மாட்டேங்கறா. அது சொல்ல வெக்கமா இருந்து, தோள் வலிங்கறா. துக்கம் ஆறும். இன்னொண்ணு ஆறாது. புரியுதா?

என்ன?

இல்ல, இப்ப என்னமோ சொன்னீங்களே. திரும்பச் சொல்லுங்க. நீங்க மைதானத்துலேருந்து வந்ததும், உங்க கோட்டையா?

தினமுமா. சரி, நீங்க போற அன்னைக்கெல்லாம். மேசை மேல எல்லாத்தையும் எடுத்து வைப்பாளா. பையை வெளில இழுத்து, மூலை வரைக்கும் விரலை விட்டு... உள்பையுமா?

துவைக்கப் போறேம்பாளா. டிஷ்யூ பேப்பர் கிடந்தா மிஷின்ல பிஞ்சு ஒட்டிக்கும்னு. துவைச்சாளா? அதுக்கப்புறம் அந்தக் கோட்டைத் துவைச்சாளா தம்பி?

துவைக்கலை.

தண்ணி வேணாம். நல்லாத்தான் இருக்கேன். உக்காருங்க நீங்க.

எப்போ தெரிஞ்சிருக்கும் அவளுக்கு. அன்னைக்கேவா? தோட்டாப் பெட்டியைத் திறந்து பாத்திருப்பா. இல்லன்னா நான் கோட்டைக் கையில வச்சுட்டு நின்னதைப் பாத்திருப்பா. நான் பனி பனின்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லச் சொல்ல, ஆமாம்மா, பனிதான்னு தலையாட்டிட்டு, இதே மேசைல, நீங்க இப்ப உக்காந்திருக்கீங்களே அதே நாற்காலில, எனக்கு எதிர்க்க உக்காந்து சூப்பு குடிச்சிருக்கா. நானும் ஊத்திக் குடுத்திருக்கேன். தோள் வலிக்குதுன்னா, சரி களிம்பு போடறேன் திரும்புன்னு தேய்ச்சு விட்டிருக்கேன். காட்டிட்டு இருந்திருக்கா கழுதை. வலிக்காத தோளை.

வண்டிச் சத்தம். அவதான். மேல வர்றதுக்கு இன்னும் வளைவு இருக்கு, அதுக்குள்ள கேட்டுக்குங்க.

உங்க பன்னெண்டை மாமாகிட்டத் திருப்பிக் குடுத்துடுங்க. நாளைக்கில்ல, இன்னைக்கு, போற வழியில. நீங்களும் ஒரு இருபது வாங்கிக்குங்க. ஆம்பளை இருபது வச்சு சுடறானேன்னு நாலு பேர் சிரிப்பான், சிரிச்சுட்டுப் போறான். ஒரு வீட்டுக்கு ஒரே நம்பர். லேசானது வேணாம், கனமாப் பாத்து வாங்குங்க.

அவ துப்பாக்கியை நீங்க எடுத்துட்டுப் போக வேணாம். செதுக்க வேணாம், வெள்ளியும் வேணாம். நானே அலமாரியைத் திறந்து அவ கையில குடுக்கறேன். இன்னைக்கா என்னைக்கான்னு தெரியாது. குடுக்கும்போது பனின்னு சொல்ல மாட்டேன். வேற என்ன சொல்லுவேன்னு இப்ப எனக்குத் தெரியல.

முகத்தைத் துடைச்சுக்குங்க தம்பி, அவ கண்டுபிடிச்சுடுவா. என்ன ரெண்டு பேரும் பேசிட்டிருந்தீங்கன்னு வந்ததும் கேப்பா. துப்பாக்கி ஏன் உதைக்குதுன்னு அம்மா பாடம் எடுத்தாங்கன்னு சொல்லுங்க. பொய் இல்லையே.